முப்பத்தாறு அங்குலம்

ஆர்லிஸ் ஹௌகனை நான் முதலில் பார்த்தது
ஒரு குழாய்க்குள்.
ரப்பர் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிய,
ஏப்ரல் மாதத்துப் பனிக்கரைசல் முழங்காலைச் சுற்றி ஓட,
உள்ளேயிருந்து குரல் வந்தது:
“இருபத்துநாலு அங்குலம்!
இது போதுமென்று சொன்ன மடையன் யார்?”
என் அப்பாதான்.
நான் வாய் திறக்கவில்லை.

அவள் அப்போது டவுன்ஷிப் எழுத்தர்.
அந்த மார்ச் கூட்டத்துக்கு ஏழு பேர் வந்தார்களாம்.
பதவி காலி என்றதும்
ஆறு பேர் தரையைப் பார்த்தார்கள்.
அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்ததில்
பார்க்கத் தவறிவிட்டாள்.
வடக்கு டகோட்டாவில்
அரசியல் இப்படித்தான் தொடங்கும்.

முப்பத்தாறு அங்குலக் குழாய் வந்து இறங்கியது.
ஓலாவ் ஸ்டென்ஸ்ருட்டின் வயலில் தண்ணீர் வடிந்தது.
குழாய்ப்பாலத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை.
அவள்தான் நோட்டில் எழுதினாள்,
விலை, தேதி, மண்ணின் ஆழம்,
கிரேடர் ஓட்டியவர்: லைல் ப்ராட்டன்.
இருபத்தாறு வருடம் சாலை சீவியவனின் பெயர்
எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அது.

பிறகு எட்டு வருடம் கவுன்ட்டி கமிஷனர்.
குப்பைக் கிடங்கு, தெருநாய், சிறைச்சாலையின் பழைய கொதிகலன்.
இரவு பத்து மணிக்குப் போன் போட்டு
அவளைத் திட்டாதவர்கள் செத்தவர்கள் மட்டும்தான்.
அவர்கள் சார்பிலும்
கல்லறைச் சங்கம் திட்டியது,
புல் வெட்டவில்லையென்று.

பிறகு பிஸ்மார்க்.
ஒற்றைப்படை வருடங்களில் எண்பது நாள்.
வெட்டவெளியில் நட்டுவைத்த பத்தொன்பது மாடி.
மேசையில் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்பு.
முதல் கூட்டத்தொடரில் வெள்ளிதோறும்
இருநூறு மைல் ஓட்டி வந்து
என் சாலையில் குழி எண்ணிச் சொன்னாள்.
இரண்டாவதில், மாதம் ஒருமுறை.
மூன்றாவதில் கடிதம் வந்தது,
கையெழுத்தும் அச்சில்.

லாரி எடை மசோதா அவளுடைய ஐந்தாவது தொடரில்.
சர்க்கரைக்கான பீட்ரூட் ஏற்றும் வண்டிகளுக்கு
இன்னும் பத்து டன் கூடுதலாக.
ஆலை நம் மாவட்டத்தில், வேலை நம் பிள்ளைகளுக்கு.
எல்லாம் நியாயம்தான்.
கிரேடருக்கு உதிரிபாகம் வாங்கப் போனவன்
பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன்,
தொப்பி மடியில், கையெல்லாம் கிரீஸ்.
அவள் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.
எண்ணினேன். நாலு நொடி.
அந்த நாலு நொடியில்
அவள் மறுபடி குழாய்க்குள் தலைவிட்டுப் பார்த்தாள்
என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

பெரிய பலகையில்
ஹௌகன் என்ற பெயருக்கு நேரே
பச்சை எரிந்தது.

அறுவடை முடிவதற்குள் குழாய் நசுங்கிவிட்டது.
சத்தமில்லாமல்,
பால் டின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி.
யாரும் சாகவில்லை.
ஒரு லாரி, பள்ளம் நிறைய பீட்ரூட்,
ஸ்டென்ஸ்ருட்டின் வயல் மறுபடி ஏரி.
பணம் கேட்டு மனு அனுப்பினோம்.
“தங்கள் கருத்தை மதிக்கிறேன்” என்று பதில்.
மறுவருடத் தேர்தலில் அறுபத்தொரு சதவீதம் வாங்கினாள்.
நானும் போட்டேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
எதிர்த்து நின்றவன்
ஒரு பள்ளத்திலும் இறங்கியவன் இல்லை.

இப்போது ஓய்வு.
போன மார்ச் கூட்டத்துக்கு வந்திருந்தாள்,
கடைசி நாற்காலி, கோட்டைக் கழற்றவில்லை.
எழுத்தர் பதவி காலி என்றார் தலைவர்.
ஒன்பது பேரும் தரையைப் பார்த்தோம்.
இந்த முறை
அவளும் தவறவிடவில்லை.

வெளியே, என் வண்டிக் கண்ணாடியில்
நான் பனி சுரண்டிக்கொண்டிருந்தபோது
பக்கத்தில் வந்து நின்றாள்.
“அங்கே இப்போது எத்தனை போட்டிருக்கிறீர்கள்?”
“நாற்பத்தெட்டு.”
வயல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள்,
இருட்டில் ஒன்றும் தெரியாது அங்கே.
“போதாது” என்று சொல்லிவிட்டு
காரில் ஏறினாள்.